கடலுக்கு முதுகு காட்டி

கடற்கரை ஊருக்குக் குடும்பத்தோடு போனால் கேமரா தானாகவே கடல் பக்கம் திரும்பிவிடும். சூரிய உதயம், அலையில் கால் நனைக்கும் பிள்ளைகள், கரையேற்றிய படகுகள், கோட்டைச் சுவர். இதையெல்லாம் நானும் எடுப்பேன். ஆனால் பொங்கல் விடுமுறைக்கு நாங்கள் வழக்கமாகப் போகும் தரங்கம்பாடியில் நான் எடுத்த படங்களில், திரும்பத் திரும்பப் பார்க்கத் தோன்றுபவை எல்லாம் கடலுக்கு நேர் எதிர்ப்பக்கம் எடுத்தவை. நாங்கள் தங்கும் விடுதி வீட்டின் பின்பக்கத் தோட்டத்தில் எடுத்தவை. தேன்சிட்டு, தையல்சிட்டு, பூங்கொத்தி, சின்னான். சென்னையில் எங்கள் தெருவிலும் இருக்கிற பறவைகள்தான். அதற்கு எதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டும் என்று கேட்கலாம். எங்கள் தெருவில் ஒரு செம்பருத்திச் செடி முன்னால் காலையில் இரண்டு மணி நேரம் உட்கார என்னால் முடியாது. அங்கே முடிகிறது. சின்னப் பறவையைப் படம் எடுக்க விலை உயர்ந்த லென்ஸைவிட இந்த இரண்டு மணி நேரம்தான் முக்கியம்.

குடும்பத்தோடு போகிற பயணமும் பறவைப் படமும் ஒத்துவராது என்று சொல்பவர்கள் உண்டு. தரங்கம்பாடியிலிருந்து தெற்கே போனால் கோடியக்கரை. ஜனவரியில் அங்கே பூநாரைகள் வந்திருக்கும். “இவ்வளவு தூரம் வந்துட்டு அங்க போகலையா?” என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். போக வேண்டுமென்றால் விடிவதற்கு முன் கிளம்பி, மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பி, அன்று முழுக்கத் தூக்கக் கலக்கத்தோடு பிள்ளைகளிடம் சிடுசிடுக்க வேண்டும். எனக்கு அது வேண்டாம். தோட்டத்துப் பறவைகளை எடுக்க யாரையும் விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. அத்தை கீரை ஆய்கிறார், என் மகளும் நாத்தனார் பையனும் திண்ணையில் தாயக்கட்டை உருட்டுகிறார்கள், நான் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தச் சத்தம் எதுவும் பறவைகளுக்குப் பொருட்டே இல்லை. மனிதர்கள் வாழும் இடத்தைத் தேடி வந்த பறவைகள் அவை. பேச்சுச் சத்தத்துக்கு அவை பறப்பதில்லை. யாராவது திடீரென்று எழுந்து தங்களை நோக்கி நடந்தால்தான் பறக்கின்றன. ஆகவே உட்கார்ந்திருக்கிற குடும்பம் நல்ல மறைவு. காட்டில் வலைத்துணி கட்டி ஒளிந்துகொள்வதைவிட இது எனக்கு இயல்பாக இருக்கிறது.

தோட்டம் பெரியதொன்றும் இல்லை. ஒரு பக்கம் கிணறும் துவைக்கிற கல்லும். அதன் தண்ணீர் ஓடும் இடத்தில் வாழை. வேலியோரம் செம்பருத்தி, இட்லிப்பூ, ஒரு முருங்கை. மூலையில் பூவரசு. நடுவில் ஒரு தேன்பழ மரம், பிள்ளைகள் சர்க்கரைப்பழம் என்று சொல்வார்களே அது. வீடு கடலுக்கும் தோட்டத்துக்கும் நடுவில் இருப்பதால் விடிந்த உடனே வெயில் தோட்டத்துக்குள் வராது. கடலிலிருந்து எழுந்த சூரியன் ஓட்டுக் கூரையைத் தாண்டி வர ஏழரை மணி ஆகும். அதற்கு முன்னால் இருக்கிற வெளிச்சம் மென்மையானது, நிழல் விழாதது. பறவையின் நிறங்களை உள்ளபடி காட்டுவது அதுதான். கூரையைத் தாண்டிய பிறகு ஒரு மணி நேரம் பக்கவாட்டு வெயில். கண்ணில் ஒரு ஒளிப்புள்ளி விழும், இறகுகளின் ஓரம் தெரியும். பத்து மணிக்கு மேல் கேமராவை மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விடலாம். கடற்காற்று ஏற ஏறப் பூக்கள் ஆட ஆரம்பித்துவிடும். ஆடுகிற கிளையில் ஆடுகிற பறவையை எடுக்கப் பாடுபடுவதைவிட அலையில் நிற்பது மேல்.

அங்கே அதிகம் வருவது ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. கட்டைவிரல் நீள உடம்பு, வளைந்த மூக்கு. ஆணுக்கு முதுகு அரக்குச் சிவப்பு, வயிறு மஞ்சள், தொண்டை ஊதா, உச்சந்தலையில் ஒரு பச்சை. அந்தப் பச்சையும் ஊதாவும் சாயத்தால் வருகிற நிறங்கள் இல்லை. இறகின் நுண்ணிய இழைகளுக்குள் மெலனின் துகள்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றில் ஒளி பட்டுத் திரும்பும்போதுதான் நிறம் பிறக்கிறது. கோணம் மாறினால் நிறமே போய்விடும், கறுப்பாகத் தெரியும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் எடுக்கிற விதமே மாறியது. பறவை வந்து உட்கார்ந்ததும் அழுத்துவதில்லை. தலையைத் திருப்புகிற வரை காத்திருக்கிறேன். ஒரு திருப்பத்தில் உச்சியில் பச்சை பளிச்சென்று எரியும், அடுத்த திருப்பத்தில் அணைந்துவிடும். எரிகிற நேரம் ஒரு வினாடிகூட இருக்காது. வெயிலின் திசையையும் உட்காரும் கிளையையும் முதலிலேயே பார்த்து வைத்துக்கொண்டால் அது போதும்.

செம்பருத்தியில் அது தேன் குடிப்பதைக் கிட்டத்திலிருந்து பார்க்க வேண்டும். பூவின் வாய்ப் பக்கம், மகரந்தத் தண்டு நீட்டிக்கொண்டிருக்கிற பக்கம், போகவே போகாது. பின்பக்கமாக வந்து காம்பைப் பற்றிக்கொண்டு, இதழ்கள் சேர்கிற அடிப்பகுதியில் மூக்கால் ஒரு குத்துக் குத்தி உறிஞ்சிக்கொண்டு போய்விடும். மகரந்தம் ஒரு துளிகூடத் தலையில் ஒட்டாது. பூவுக்கு இதனால் ஒரு லாபமும் இல்லை. அது போன பிறகு என் மகள் பூவைத் திருப்பிப் பார்த்தாள். பச்சைப் புல்லிக்கு மேலே மெல்லிய கீறல்கள். தோட்டத்தில் அனேகமாக எல்லாச் செம்பருத்தியிலும் அந்தக் கீறல் இருந்தது. அன்றிலிருந்து எங்கே செம்பருத்தியைப் பார்த்தாலும் திருப்பிப் பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

ஆனால் தரங்கம்பாடியில் எனக்குக் கிடைத்ததிலேயே பெரியது என்று நான் நினைப்பது தேன்சிட்டின் குளியல். தை மாதத்து விடியற்காலையில் பனி நன்றாக இறங்கியிருக்கும். வாழை இலையின் நடு நரம்போரம் துளித்துளியாகத் தண்ணீர் கோத்து நிற்கும். ஆண் தேன்சிட்டு முதலில் இலையின் மேல் நுனியில் வந்து உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் அக்கம்பக்கம் பார்த்தது. அப்புறம் மார்பை இலையோடு அழுத்திக்கொண்டு, சிறகுகளைப் பாதி விரித்து, பனித்துளிகளின் மேலேயே சறுக்கி இறங்கியது. இலை முடிகிற இடத்தில் ஒரு படபடப்பு, மறுபடி மேலே. மறுபடி சறுக்கல். துளிகள் தீர்ந்ததும் பக்கத்து இலைக்கு மாறியது. பெண் சிட்டு கீழே சேம்பிலையில் தேங்கியிருந்த தண்ணீரில் தலையை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தது. இந்தப் பறவைகள் பெரும்பாலும் தொட்டியிலோ குட்டையிலோ இறங்கிக் குளிப்பதில்லை. இலையில் தேங்கிய பனியும் மழையும்தான் அவற்றின் குளத்தங்கரை. வெயில் ஏறினால் அந்தக் குளம் காய்ந்துவிடும்.

குளித்து முடித்ததும் அது நேரே செம்பருத்தியின் உட்கிளைக்குப் போய் இறகு கோத ஆரம்பித்தது. நல்ல படம் கிடைக்கிற நேரம் அதுதான். நனைந்த பறவை உடனே தூரம் போகாது, ஒரே இடத்தில் நிமிடக்கணக்கில் இருக்கும். அடிமுதுகைக் கோதுவதற்காகச் சிறகைத் தாழ்த்தும்போது, மற்ற நேரங்களில் மறைந்தே இருக்கிற ஊதாப் பிட்டம் முழுசாகத் தெரியும். அடையாளமே அந்த நிறம்தான், ஆனால் பெரும்பாலான படங்களில் அது இருக்காது.

கேமரா விஷயம் கேட்பவர்களுக்காகக் கொஞ்சம். என்னிடம் இருப்பது 300 மில்லிமீட்டர் வரை போகிற சாதாரண ஜூம் லென்ஸ். உட்கார்ந்த இடத்துக்குப் பறவை வரும் என்றால் அது தாராளம். குளியலுக்கு ஷட்டர் வேகம் 1/2000 வைத்தேன். கிளையில் இருக்கும்போது 1/500 போதும். ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளி உணர்திறன், ஏறினால் ஏறட்டும். படத்தில் கொஞ்சம் பொரிப்பொரியாகப் புள்ளி விழுவது ஒரு குறையே இல்லை, கண் மங்கியிருந்தால்தான் படம் போச்சு. இலை அடர்த்தியில் கேமராவே ஃபோகஸ் இடத்தைத் தேர்ந்தெடுக்க விட்டால் முன்னால் இருக்கிற இலையைப் பிடித்துக்கொள்ளும். நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. கடற்கரை ஊரில் இன்னும் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஏசி அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்க ஆவி படியும். ஆகவே இரவில் பையை மூடி வெளித்திண்ணையை ஒட்டிய அறையிலேயே வைத்துவிடுவேன். உப்புக்காற்றில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசுக்கு லென்ஸ் மேல் சேரும். முதலில் ஊதித் தூசியைப் போக்கிவிட்டு, சற்றே ஈரமான மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். வறட்டுத் துணியால் தேய்த்தால் உப்பும் மணலும் கண்ணாடியைக் கீறும்.

முக்காலியை ஏன் சொன்னேன் என்றால், நின்றுகொண்டு எடுத்தால் தரையோரப் பறவைகள் எல்லாம் முதுகைத்தான் காட்டும். தையல்சிட்டு இடுப்புயரச் செடிக்குள்தான் திரியும். வால் நிமிர்ந்த, செம்பழுப்பு நெற்றியுள்ள அந்தத் துளியூண்டு பறவைக்கு எங்கிருந்துதான் அவ்வளவு குரலோ. இட்லிப்பூச் செடியின் கிளைகளுக்கு நடுவே ஓர் இடைவெளியைப் பார்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தால், அது செடியைச் சுற்றி வருகிற வழியில் அந்த இடைவெளியைத் தாண்டித்தான் ஆக வேண்டும். பறவைகளுக்குச் சுற்று உண்டு. பூக்காரம்மா தெருத் தெருவாக வருவதைப் போல, ஏறக்குறைய அதே நேரத்தில் அதே வரிசையில் வரும். முதல் நாள் காலையில் கேமராவைத் தொடாமல் அந்தச் சுற்றை மட்டும் பார்த்து வைத்துக்கொள்வது என் வழக்கம்.

அத்தைக்கு ஆரம்பத்தில் இது புரியவில்லை. “ஏம்மா, எல்லாரும் கடலப் பாக்க வராங்க. நீ இந்தச் செடியையே பாத்துக்கிட்டு இருக்கியே?” என்றார். குளியல் படத்தைப் பின்திரையில் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்து வெகுநேரம் பார்த்தார். மறுநாள் எனக்கு முன்னால் எழுந்து வாழைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் அவர்தான். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் அவரையும் சேர்த்துக்கொண்டேன். 2015இல் தொடங்கி ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் விடுமுறையை ஒட்டித் தமிழ்நாடு முழுவதும் நடக்கிற கணக்கெடுப்பு இது. பதினைந்து நிமிடமாவது ஓரிடத்தில் நின்றோ உட்கார்ந்தோ, பார்த்த பறவைகளையும் கேட்ட பறவைகளையும் எண்ணி, பறவைக் கணக்குகளைச் சேர்க்கும் இ-பேர்ட் இணையதளத்தில் பதிய வேண்டும். வீட்டுத் தோட்டம், மொட்டை மாடி, பேருந்து நிலையம், எங்கு வேண்டுமானாலும் செய்யலாம். நான் பெயர் சொல்ல, மகள் எழுத, நாத்தனார் பையன் தவிட்டுக்குருவிகளை எண்ண (அவை கூட்டமாகத் தரையில் தத்திக்கொண்டு ஓரிடத்தில் நிற்காது என்பதால் அவனுக்கு அது தனிச் சவால்), அத்தை காதால் கேட்டதைச் சொல்ல என்று வேலை பிரிந்துகொண்டது. செம்மார்புக் குக்குறுவானின் ‘டொங்க் டொங்க்’ முதலில் விழுந்தது அவர் காதில்தான். அரிய பறவைகளின் பட்டியலைவிடச் சாதாரணப் பறவைகள் எங்கெங்கே எத்தனை இருக்கின்றன என்ற விவரம் இந்தக் கணக்கெடுப்புக்கு மிகவும் தேவை. சிட்டுகளும் சின்னான்களும் குறைய ஆரம்பித்தால், இப்படி வருடா வருடம் எழுதி வைத்த கணக்கு இருந்தால்தான் நமக்குத் தெரியும்.

இந்த ஊரில் இப்படித் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் முன்பும் இருந்திருக்கிறார்கள். டேனிஷ்காரர்கள் 1620இல் கோட்டை கட்டிய ஊர் என்பதும், இங்கே தமிழ் நூல்களை அச்சிட்ட அச்சகத்தின் கதையும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் 1768இல் இங்கே வந்து சேர்ந்த யோகான் கெர்ஹார்ட் கோனிக் என்ற மருத்துவர் செடிகளைத் தேடித் திரிந்தவர். நம் கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் இருக்கிற ‘கோனிகி’ அவருடைய பெயர்தான். அவர் காலத்திலேயே இங்கே மதப்பணிக்கு வந்த கிறிஸ்தோஃப் சாமுவேல் ஜான், தோட்டம் போட்டு, சிப்பியும் மீனும் சேகரித்து பெர்லினில் இருந்த மீன் ஆய்வாளர் மார்க்கஸ் பிளாக்குக்கு அனுப்பினார். அந்த மீன்களைப் பார்த்துப் பிளாக் ஒரு பேரினத்துக்கு ‘ஜானியஸ்’ என்று பெயர் வைத்தார். நாம் கத்தாழை என்று குழம்பு வைக்கிறோமே, அந்த வகை மீன்களில் பல அதில்தான் வருகின்றன. மத்தியானம் இலையில் கத்தாழை விழும்போது நான் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. இந்த ஊருக்கு வருகிறவர்கள் கோட்டையோடு இதையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

கிணற்றுக்குப் பின்னால் சருகு கூட்டாமல் விட்ட ஓர் இடம் உண்டு. ஆறுமணிக்குருவி அங்கே இருந்தது. மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் கூடு கட்டிவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிற பறவை. விடியற்காலையிலும் அந்தி மயங்கும்போதும் இரட்டைச் சீழ்க்கை அடிக்கும். பச்சை முதுகு, பழுப்பு மஞ்சள் மார்பு, அடிவயிற்றில் சிவப்பு, சிறகில் நீலம். இவ்வளவு நிறத்தையும் வைத்துக்கொண்டு நிழலை விட்டு வெளியே வராது. வெளிச்சம் போதாமல் 1/60 வேகத்தில் எடுத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்த வரிசையில் ஒன்று கூர்மையாக வந்தது. அலைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டால் வெளியே வந்திருக்கும்தான். ஆனால் தன் இடத்துக்குள் இன்னொரு பறவை நுழைந்துவிட்டது என்று பதறித்தான் அது வரும். அவ்வளவு தூரம் பறந்து வந்த பறவையை அப்படி அலைக்கழிக்க எனக்கு மனம் வராது. கூட்டையும் நான் எடுப்பதில்லை. சிலந்தி நூலும் பட்டைத் துணுக்குமாகத் தேன்சிட்டு தொங்கவிடுகிற அந்தப் பைக்கூடு எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. நாம் நிற்கிற இடத்தைக் காக்கை பார்த்துக்கொண்டிருக்கும், கூடு இருக்கிற இடம் அதற்குத் தெரிந்துவிடும்.

ஒரு காலை நேரத்தில் வாசலில் நின்ற வேனின் பக்கவாட்டுக் கண்ணாடியில் ஆண் தேன்சிட்டு ஒன்று விடாமல் கொத்திக்கொண்டிருந்தது. பார்த்தவர்கள் எல்லாம் அலைபேசியை நீட்டிச் சிரித்தார்கள். அது விளையாட்டு இல்லை. கண்ணாடியில் தெரிகிற தன் உருவத்தை எதிரி என்று நினைத்து விரட்டுகிறது. உண்மையான எதிரியாக இருந்தால் ஓடிப்போயிருக்கும், சண்டை முடிந்திருக்கும். இது ஓடாத எதிரி என்பதால் அந்தச் சின்ன உடம்பு தின்னாமல் குடிக்காமல் முட்டிக்கொண்டே இருக்கும். டிரைவர் அண்ணனிடம் சொன்னேன். “அப்படியா மேடம், நான் என்னமோ அழகு பாக்குதுன்னு நெனச்சேன்” என்றவர், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணாடியைச் சுற்றிக் கட்டிவிட்டார். சிட்டு இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு முருங்கைப் பூவுக்குப் போய்விட்டது.

தேன்பழ மரத்தைப் பற்றிக் கடைசியாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். தோட்டத்தில் ஒரே ஒரு மரத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் அதைத்தான் பார்ப்பேன். வருடம் முழுக்கப் பூவும் காயும் பழமும் ஒன்றாகவே இருக்கும். சின்னான்கள் பழத்தை முழுசாக விழுங்கும், குக்குறுவான் வரும், இரவில் வௌவால் வரும். ஆனால் அந்த மரத்தின் உண்மையான சொந்தக்காரர் டிக்கெல் பூங்கொத்தி. இந்தியாவிலேயே மிகச் சிறிய பறவைகளில் ஒன்று அது, நீளம் எட்டு சென்டிமீட்டர்தான். சாம்பலும் வெளிர்பழுப்புமாக, கண்ணைப் பறிக்கிற நிறம் எதுவும் இல்லாததால் தோட்டத்துக்கு வருகிற யாருமே அதைப் பார்ப்பதில்லை. ‘டிக் டிக்’ என்று ஓயாமல் ஒரு சத்தம் மட்டும் மேலே கேட்டுக்கொண்டிருக்கும். மரக்கிளைகளில் ஒட்டி வளர்கிற புல்லுருவிச் செடியின் பழம் எங்கே இருக்கிறதோ அங்கே இது இருக்கும். அந்தப் பழத்தின் பிசுபிசுத்த விதையைக் கழிக்கும்போது கிளையில் தேய்த்து ஒட்டிவிட்டுப் போகும். புல்லுருவி பரவுவதே இப்படித்தான். தேன்பழத்தையும் விடாது. தன் தலை அளவுக்கு இருக்கிற சிவந்த பழத்தின் முன்னால் தொங்கி, வெடித்த இடத்தில் மூக்கை விட்டுச் சாற்றைக் குடித்துக்கொண்டிருந்தபோது அதை எடுத்தேன். பழமும் பறவையின் தலையும் ஒரே அளவாகத் தெரிகிற படம். கன்னத்தில் சாறு ஒட்டிப் பளபளக்கிறது.

அந்தப் படத்தைப் பார்த்த தோட்டக்காரர் அண்ணன்தான் விஷயத்தைச் சொன்னார். பழம் உதிர்ந்து கீழே போட்டிருக்கிற சாப்பாட்டு மேசைகள் எல்லாம் கறையாகிறது, எறும்பு வருகிறது என்று மரத்தை வெட்டிவிட முதலாளி சொல்லியிருக்கிறாராம். ஊருக்குத் திரும்பியதும் குக்குறுவான், சின்னான், பூங்கொத்தி என்று அந்த மரத்தில் எடுத்த படங்களை மட்டும் பெரிதாக அச்சிட்டு, ஒவ்வொன்றின் கீழும் பெயரும் அது சாப்பிடுவது எது என்பதும் எழுதி, ஒரு கடிதத்தோடு முதலாளிக்கு அனுப்பினேன். பழம் விழுவது தெற்குப் பக்கம்தான் அதிகம், மேசைகளைப் பூவரசு நிழலுக்கு மாற்றினால் போதும் என்று இடத்தையும் வரைந்து காட்டியிருந்தேன். மாசிக் கடைசியில் தோட்டக்காரர் அண்ணன் ஃபோன் செய்தார். மேசைகளை நகர்த்திவிட்டார்களாம். படங்களைச் சாப்பாட்டு அறையில் மாட்டியிருக்கிறார்களாம், பூங்கொத்தியைப் பார்த்துவிட்டு அது எங்கே இருக்கிறது என்று வருகிறவர்கள் கேட்கிறார்களாம். “மரத்தடிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன், ஆனா எல்லாருக்கும் கண்ணுல படறதில்ல. எந்த நேரத்துல வரும்னு சொல்லுங்க” என்றார். காலை ஏழரையிலிருந்து எட்டரை வரை, தெற்குப் பக்கத் தாழ்ந்த கிளையில், முதலில் சத்தத்தைக் கேட்கச் சொல்லுங்கள் என்றேன்.